சாம்பல் படையோடு நிறுத்தச் சொன்னார்கள்

படத்துக்கு இன்னும் உயிர் வராத நாளில்தான் அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வெள்ளையும் அம்பர் என்ற மண் நிறமும் மட்டும் கலந்து, முகம், கை, துணி எல்லாம் ஒரே சாம்பலாக மாதா கதிரையில் இருந்தார். தைல வர்ணத்தில் நான் வேலை செய்யும் முறைக்கு அது வெறும் அடிப் படை, வீட்டுக்கு அத்திவாரம் மாதிரி. எங்கள் கோவிலின் பங்குச் சபைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்ல வெள்ளையா வந்திருக்கிறா ரீச்சர். இதோட நிப்பாட்டுங்கோ" என்றார்.

நான் சிரித்தேன். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததைக் கண்டபிறகு, "ஐயா, இது அடிதான். இதுக்கு மேலதான் நிறம் வரும்" என்று சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே போனை எடுத்துப் படத்தை இரண்டு மூன்று தரம் படம் பிடித்தார். "ஓம், ஓம்" என்று எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் சொல்வார்கள், நீ சொல்வதைச் சொல்லு என்பதற்கும் சொல்வார்கள். அன்றைக்கு எது என்று நான் யோசிக்கவில்லை.

நான் திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். பாலையூற்றில் அண்ணனின் வீட்டில் பின் அறை எனக்கு. அண்ணன் கட்டாரில் வேலை. அவருடைய மகள் மட்டக்களப்பில் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நானும் அண்ணனின் மனைவியும்தான். நான் அவவை மச்சாள் என்பேன், அவவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவா. எனக்குக் கலியாணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கில் என்னைப் பற்றிய எந்தக் கதையும் அதில்தான் தொடங்கும்.

கோவிலின் பக்கப் பீடத்தில் நெடுநாளாக ஒரு அச்சுப் படம் இருந்தது. கடல் காற்றும் ஈரமும் கண்ணாடிக்குள் புகுந்து, மாதாவின் கன்னத்தில் தேமல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. பங்குத் தந்தை என்னைக் கூப்பிட்டு, திருவிழாவுக்குள் புதிதாக ஒன்று வரைந்து தர முடியுமா என்று கேட்டார். "வீட்டில இருக்கிற மாதாவா வரையுங்கோ பிள்ளை. கையில ஒரு வேலையோட" என்றார். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. எப்படி வரைய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரக் கூடாது என்று மட்டும் கேட்டேன். அவரும் ஓம் என்றார்.

யாரை இருத்தி வரைவது என்பதில் எனக்கு ஒரு நிமிடமும் குழப்பம் வரவில்லை. மச்சாள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். முன் விறாந்தையில் தையல் மெசினுக்கு முன்னால் குனிந்து இருக்கும்போது, மடியில் குவிந்து கிடக்கும் வெள்ளைத் துணியில் பகல் வெளிச்சம் பட்டு, மேலே எழும்பி, அவவின் தாடைக்குக் கீழே போய் நிற்கும். மற்றவர்களுக்கு நிழல் விழும் இடத்தில் அவவுக்கு வெளிச்சம். மச்சாள் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் அந்த வெளிச்சம் செய்யும் வேலையை நான் வருடக்கணக்காகத் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதை வரையாமல் செத்துப்போகக் கூடாது என்றே நினைத்திருந்தேன்.

கேட்டதும் அவ ஊசியில் நூல் கோத்தபடியே, "இருக்கிறன். ஆனா ஒரு கதை. என்னைத் திரும்பவும் வெள்ளையடிக்கக் கூடாது" என்றா.

ஏன் அப்படிச் சொன்னா என்று எனக்குத் தெரியும். அவவின் கலியாண அல்பத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த நாள் சோடனைக்கு வந்த பெண் முகத்திலும் கழுத்திலும் பவுடரை அப்பினாள். போதாததற்கு ஸ்ரூடியோக்காரர் கணினியில் மிச்சத்தையும் வெளுத்துவிட்டார். முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். எங்கள் பக்கத்துக் கலியாண அல்பங்களில் பாதி அப்படித்தான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் அந்த அல்பத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டு, அப்பாவைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், பிறகு நிமிர்ந்து, "அம்மா எங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் நின்றது அம்மாதான். மச்சாள் அல்பத்தை வாங்கி அலுமாரியின் மேல் தட்டில் வைத்தா. அதற்குப் பிறகு அது கீழே இறங்கியதை நான் காணவில்லை.

எனக்கும் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் நத்தாருக்கு யேசு பிறப்பு நாடகம் போடும்போது ஒவ்வொரு வருடமும் மூன்று ராசாக்களில் கறுத்த ராசா நான்தான். "உனக்குக் கரி பூசுற வேலையும் மிச்சம்" என்று நாடகம் பழக்கிய ரீச்சர் சொல்வா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், அந்த வயதில் வேறு என்ன செய்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆக, மச்சாள் அந்த நிபந்தனையைச் சொன்னபோது நான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத்தான் வாக்குக் கொடுத்தேன்.

வர்ணப் பெட்டிகளில் ஒரு ரியூப் வரும். அதில் மனிதத் தோலின் நிறம் என்று எழுதியிருக்கும். திறந்து பிதுக்கினால் கொய்யாப்பழத்தின் உள் பக்கம் மாதிரி ஒரு ரோசா. யாருடைய தோல் என்று எழுதியிருக்காது. நான் அதைப் பள்ளிக்கூடத்துப் பூச்சாடிகளுக்கு அடிக்கக் கொடுத்துவிடுவேன். கறுப்பு என்று எழுதிய ரியூப்பையும் முகத்துக்குத் தொடுவதில்லை. மச்சாளின் முகத்தில் செம்மண் இருக்கிறது, கன்னப்பொட்டில் ஒரு பச்சை இருக்கிறது, தாடை ஓரத்தில் நீலம், உதட்டில் கத்தரிக்காய்த் தோலின் நிறம். கறுப்பு என்ற ஒரே நிறம் அந்த முகத்தில் எங்குமே இல்லை.

இவ்வளவையும் ஒரே பூச்சில் கொண்டுவர ஏலாது. அதனால்தான் படை படையாகப் போகிறேன். முதலில் வெளிச்சமும் நிழலும் மட்டும் உள்ள சாம்பல் படை. அது நன்றாகக் காய்ந்த பிறகு, அடி தெரியும் நிறங்களை எண்ணெயில் மெல்லக் கரைத்து அதன்மேல் பூச வேண்டும். கிளேஸ் என்பார்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தேத்தண்ணியைத்தான் காட்டுவேன். பால் விடாத வெறும் சாயத்தைக் கண்ணாடிக் கிளாசில் விட்டால், எவ்வளவு கடுஞ்சாயமாக இருந்தாலும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும், அடியில் கிடக்கும் கரண்டி தெரியும். பால் விட்டால் வெளுக்கும்தான். ஆனால் கரண்டி தெரியாது.

எந்த நிறம் சாயம், எந்த நிறம் பால் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடித் துண்டில் வர்ணத்தை மெல்லத் தேய்த்துப் பத்திரிகையின் மேல் வைப்பேன். எழுத்தை வாசிக்க முடிந்தால் அந்த நிறம் கிளேசுக்கு ஆகும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சேர்ந்து வருவது மரண அறிவித்தல் பக்கத்தில்தான் என்பதால் எப்போதும் அதில்தான் வைப்பேன். மச்சாளுக்கு அது பிடிக்காது. "விளையாட்டுச் செய்தி இருக்குத்தானே" என்பா.

வர்ணம் கரைக்கும் லின்சீட் எண்ணெய் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒருமுறை அது முடிந்துபோய் நின்றபோது, குசினியில் இருக்கிற தேங்காயெண்ணெயை விட்டால் என்ன என்று மச்சாள் கேட்டா. தேங்காயெண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது, மாதா திருவிழாவுக்குத் தலையில் எண்ணெய் வழியத்தான் வருவா என்றேன். லின்சீட் காற்றைக் குடித்துக் குடித்துத் தானாக இறுகும். மேலே மேலே போகும் படைகளில் எண்ணெய் கொஞ்சம் கூடிக்கொண்டு போக வேண்டும். மாறிச் செய்தால் மேல் படை முதலில் இறுகி, பிறகு கீழ் படை அசைய, முகம் முழுக்க வெடிப்பு விடும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிவராது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எதையும் காயவைப்பது லேசில்லை. துணியில் வரைந்தால் ஈரத்துக்குத் தொய்ந்துவிடும் என்பதால் படகு கட்டுகிறவர்கள் வாங்கும் தடித்த பிளைவூட் பலகையில்தான் வரைந்தேன். தரைப் பக்கமிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று தொடங்கிய பிறகு படைகள் கெதியாகக் காய்ந்தன. ஆனால் அந்தக் காற்று காய வைக்கிற கையோடு புழுதியையும் கொண்டுவந்து அப்பும். பின்னேரம் வெளிச்சத்துக்குச் சின்னப் பூச்சிகள் வந்து ஈர வர்ணத்தில் ஒட்டும். ஆகவே படத்துக்கு நான் நுளம்பு வலை கட்டினேன். என் கட்டிலுக்குக் கட்டியிருந்த வலை. அந்த மாதங்களில் நுளம்பு என்னைக் கடித்தது, மாதாவைக் கடிக்கவில்லை. அப்படியும் உள்ளே புகுந்த பூச்சிகளின் கால்களை மச்சாளின் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முதல் கிளேஸ் சியன்னா, சுட்ட செம்மண். பரந்த மெல்லிய தூரிகையால் முகம் முழுக்கப் பூசி, உள்ளங்கையால் தட்டித் தட்டி, கூடினதைத் துணியால் ஒற்றி எடுத்தேன். அந்தச் செத்த சாம்பல் முகத்துக்குள் இரத்தம் ஓடத் தொடங்கியதைக் கண்ணால் கண்டேன். புறங்கையால் தொட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்ததும் அடுத்தது. உதட்டுக்கும் காதுமடலுக்கும் ஒரு இருண்ட சிவப்பு. தாடை ஓரத்துக்கு அல்ட்ராமரின் நீலம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். பிறகு மறுபடி செம்மண், அதன்மேல் அம்பர். ஒவ்வொரு படையோடும் முகம் இருண்டது, ஒவ்வொரு படையோடும் வெளிச்சமும் ஆழத்திலிருந்து வந்தது. மடியில் கிடந்த துணியை மட்டும் நான் வெள்ளையாகவே விட்டேன். அந்த வெள்ளைதான் முழு முகத்தையும் தாங்கிக்கொண்டு இருந்தது.

ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது பஸ் நிலையத்துச் சுவரில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்ததைக் கண்டேன். நடுவில் என் படம். என் படம் என்று சொல்லவும் கூசுகிறது. சாம்பல் படை. தலைவர் போனில் பிடித்தது. அதையும் இன்னும் கொஞ்சம் வெளுத்து, தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். அத்திவாரத்தைக் காட்டி வீடு குடிபூரலுக்கு வரச் சொன்ன ஆட்களை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கோபத்தில் என் பஸ் போய்விட்டதும் தெரியவில்லை.

அடுத்த நாள், லீவு நாள், தலைவரும் சபையில் இன்னும் இருவரும், அவர்களோடு பங்குத் தந்தையான பாதரும் வீட்டுக்கு வந்தார்கள். நுளம்பு வலையைத் தூக்கினேன்.

"என்ன ரீச்சர் இது, கறுத்துப்போச்சு" என்றார் தலைவர்.

"கறுக்கேல்ல ஐயா. இப்பதான் நிறம் வந்திருக்கு."

"நோட்டீசில ஊரெல்லாம் பாத்திட்டுது. இப்ப வேற ஆளைக் கொண்டுவந்து வைச்சா சனம் என்ன கதைக்கும்?"

"நோட்டீசில இருக்கிறதும் இதே ஆள்தான். நீங்கள் அரைவாசியில படம் எடுத்தனீங்கள்."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். கோவில் கூரைக்கு மேலே ஏறி ஓடு மாற்றுவதற்கும் அவர்தான் முதல் ஆள். "நான் நிறம் பாக்கிற ஆள் இல்லை. என்ர மனிசியும் கறுப்புத்தான். ஆனா மாதா எண்டா ஒரு லட்சணம் வேணும்" என்றார். அவருடைய மனைவி அந்த இடத்தில் இல்லாதது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

பாதர் நடுவில் புகுந்தார். "பிள்ளை, கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டா எல்லாருக்கும் சமாதானம்தானே" என்றார். பாதரில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஊரில் சமாதானம் என்று யாராவது சொன்னால், யாரோ ஒருவர் வாயை மூட வேண்டும் என்றுதான் அர்த்தம். இந்த முறை அது நானாக இருக்கப் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

கிளேசால் ஒரு முகத்தை இருட்டாக்கலாம், வெளுக்க முடியாது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். வெளுப்பதென்றால் மேலே வெள்ளையைப் போட்டு மூட வேண்டும். பால் விடுகிற வேலை. அரை மணித்தியாலம் போதும், கைப்பழக்கம் உள்ள யாரும் செய்யலாம். ஆனால் அதோடு கீழே இருக்கும் வெளிச்சம் முழுவதும் செத்துவிடும், பிறகு அது முகம் இல்லை, சுண்ணாம்பு அடித்த மதில். "நான் அதைச் செய்ய மாட்டன்" என்றேன். தலைவர் எழும்பினார். "அப்ப நோட்டீசில இருக்கிறதைப் பெரிசா அச்சடிச்சுப் பக்கப் பீடத்தில வைப்பம். வாற சனிக்கிழமை வந்து கேக்கிறன். யோசிச்சு வையுங்கோ" என்றார்.

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. படத்தை வேண்டாம் என்றிருந்தால் பலகையைச் சுவரோடு சாய்த்துவைத்துவிட்டு இருந்திருப்பேன். என் அடிப் படையையே எடுத்து, மச்சாளின் முகத்தையே எடுத்து, அவவை மறுபடி வெளுத்துக் கோவிலில் மாட்டப் போகிறார்கள். கலியாண அல்பம் என்றால் அலுமாரிக்குள் ஒளித்து வைக்கலாம். கோவில் பீடத்தில் வைத்ததை எங்கே ஒளிப்பது? அவ ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு மச்சாள் விறாந்தையிலிருந்து உள்ளே வந்தா. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா. "விடுங்கோ மச்சாள். கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்கோ. உங்கட வேலைக்காவது மரியாதை இருக்கும். எனக்கு இது பழகிப்போச்சு" என்றா.

தலைவரில் வந்த கோபத்தை விட அந்தச் சொல்லில் எனக்கு வந்த கோபம் பெரிது. "உங்களுக்குப் பழகினா பழகட்டும். எனக்குப் பழகேல்ல" என்று கத்திவிட்டேன். அவ திரும்பி மெசினுக்குப் போய்விட்டா. மத்தியானம் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. நான் அறைக்குள் போய், கண்ணாடித் துண்டில் அம்பரைத் தேய்த்து, எண்ணெய் கூட்டி, இன்னொரு கிளேஸ் போடத் தயாரானேன். வெளுக்கச் சொன்னால் இன்னும் ஒரு படை என்று பிடிவாதமாகவே நினைத்தேன். கோபத்தோடு தொட்டால் படை தடித்துவிடும் என்று அன்றைக்குப் பூசவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் கோபம் தணியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பூசினேன்.

சனிக்கிழமை தலைவரும் பாதரும் மட்டும் வந்தார்கள். காலை வெயில் யன்னலால் நேராகப் படத்தில் விழுந்தது. மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கமாகப் போகிற மாதிரிப் போகாமல், சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரமாக நின்றா. தலைவர் அவவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். யாரை இருத்தி வரைந்தது என்று அவருக்கு அதற்கு முதல் தெரியாது என்பதை அந்தப் பார்வையில் கண்டேன். அதுவரை அவர் படத்தில் நிறத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார், ஆளைப் பார்க்கவில்லை.

தெரிந்த பிறகும் அவர் விடவில்லை. குரலை மட்டும் இறக்கிக்கொண்டார். "உங்களைச் சொல்லேல்ல பிள்ளை, படத்தைத்தான் சொல்லுறன்" என்று மச்சாளிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ரீச்சர், ஏதாவது வழி இருக்கும்தானே? பழையபடி கொண்டுவர ஏலாதோ?" என்று கேட்டார்.

"மேல் படை நேற்றுப் பூசினது, இன்னும் ஈரம்" என்றேன். "எண்ணெய் தொட்ட துணியால துடைச்சா வரும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப துடையுங்கோவன்."

"நான் துடைக்க மாட்டன். வேணுமெண்டா நீங்கள் துடையுங்கோ."

மச்சாளின் வெட்டுத் துண்டுகளில் இருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, லின்சீட்டில் தொட்டு அவருடைய கையில் கொடுத்தேன். ஈரமாக இருந்தது ஒரு படைதான், அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் காய்ந்து இறுகிவிட்டன, தேய்த்தாலும் அசையாது என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது.

அவர் எழும்பிப் போய் மாதாவின் வலக் கன்னத்தில் துணியை வைத்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் பழுப்பு வந்தது. கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, ஆனால் அதுவும் மண்ணிறம்தான். அவர் இன்னொரு தரம் துடைத்தார், கொஞ்சம் அழுத்தி. துணியில் ஒன்றும் வரவில்லை. கன்னம் அப்படியே இருந்தது, செம்மண்ணாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு. அவர் துணியைத் திருப்பிப் புதுப் பக்கத்தால் துடைத்தார். அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் கதவோரத்தில் இருந்து மச்சாள் கதைத்தா. கோபமாக இல்லை. தைக்க வந்த பிள்ளைக்கு அளவெடுக்கும்போது கை தூக்கச் சொல்கிற அதே குரல். "இன்னும் துடையுங்கோ ஐயா. கீழயும் நான்தான்."

தலைவர் கை கன்னத்திலேயே நின்றது. திரும்பி அவவைப் பார்க்க அவருக்கு ஏலவில்லை. துணியை மடித்து மேசையில் வைத்தார். கதிரையில் வந்து இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்தார். பாதர் எழும்பி, படத்துக்குக் கிட்டப் போய், துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். "காயுறதுக்கு எத்தினை நாள் வேணும் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

"திருவிழாக் கொடியேத்தத்துக்கு முதல் காய்ஞ்சிடும் பாதர்."

"அப்ப கொடியேத்தத்துக்கு இதுதான் பீடத்தில இருக்கும்" என்றார். தலைவர் வெளியே போய்ச் செருப்பைத் தேடி நெடுநேரம் நின்றார்.

அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் நான் தூரிகையை எடுத்துவிட்டேன். அவர் துடைத்த இடத்தில் பழையபடி ஒரு படை பூசினேன். அது காய்ந்த பிறகு அதே இடத்தில் இன்னொரு படையும் பூசினேன். வேலைக்குத் தேவைப்பட்டதா என்று கேட்டால் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. மச்சாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "போதும் மச்சாள், அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு கறுப்பு இல்லை" என்றா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டா.

படத்தை ஓட்டோவில் குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குக் கொண்டுபோனோம். கோவிலுக்குக் கிட்ட வரும்போது நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று நடு றோட்டில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது, ஓட்டோக்காரர் ஹோன் அடித்தும் அசையவில்லை. வார்னிஷ் இன்னும் பூசவில்லை. படைகள் எல்லாம் உள்ளுக்குள் இறுக நிறைய மாதங்கள் வேண்டும், அதற்குப் பிறகுதான் பூசலாம். மெழுகுதிரிப் புகை படாத தூரத்தில் மாட்ட வேண்டும் என்பதில் மட்டும் நான் சண்டை பிடித்தேன். அதில் தலைவர் என் பக்கம் நின்றார். ஏணியைப் பிடித்ததும் அவர்தான். ஆனால் திருவிழா அன்று ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் நன்றி சொல்லும்போது பந்தல்காரரையும் தண்ணீர் பவுசர் வண்டிக்காரரையும் சொன்னார், படத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கட்டும்.

சிலருக்கு இன்னும் பிடிக்கவில்லை. கறுத்த மாதா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொன்ன ஒரு மனிசியிடம், ஓம், அதுதான் பெயர் என்று சொன்னேன். பிறகு அந்த மனிசியே அங்கே மெழுகுதிரி கொளுத்துவதையும் கண்டேன்.

திருவிழாப் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு மச்சாள் பக்கப் பீடத்துக்கு முன்னால் நின்றா. மகள் மட்டக்களப்பில் இருந்து வட்ஸ்அப்பில் கேட்டபடி இருந்தாள், படத்தை அனுப்பச் சொல்லி. மச்சாள் போனைத் தூக்கிப் பிடித்தா. நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். போனுக்குள் ஒரு சதுரம் வந்து மாதாவின் முகத்தைப் பிடித்தது. அடுத்த கணம் கன்னம் வெளுத்தது, தாடை நீலம் மறைந்தது, முகம் மொழுமொழு என்று ஆகிவிட்டது. அண்ணன் வாங்கி அனுப்பிய புதுப் போன், முகத்தைக் கண்டால் தானாகவே அழகாக்கிவிடும்.

"பாத்தீங்களே, இந்தச் சனியனும் வெள்ளையடிக்குது" என்றா மச்சாள்.

அந்த வேலையை எங்கே நிறுத்துவது என்று நான் போனை வாங்கித் தேடினேன். கண்டுபிடிக்க முதலே அவ திருப்பி வாங்கிவிட்டா. படம் எடுக்கவில்லை. குரல் பதியும் பொத்தானை அமத்திப் பிடித்து, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், கோவில் என்பதையும் மறந்து கொஞ்சம் சத்தமாகவே சொன்னா:

"பிள்ளை, போனில வராது. லீவுக்கு நேர வந்து பார். அம்மா இஞ்சதான் இருக்கிறன்."